உங்களுக்குத் தெரியுமா? பள்ளியில் ஒரு ஆட்டம், பதக்கம் வேறு ஆட்டத்தில்!

இந்த வாரம் தோண்டத் தோண்டத் தங்கம்! எல்லாமே ஆட்டம் மாறியவர்களைப் பற்றிய சேதிகள். ரிஷிவந்தியத்தில் கபடிக்குக் கோடு போடும் தம்பிகளே, கச்சிராயபாளையத்தில் வாலிபால் வலை கட்டும் அண்ணன்களே, கல்வராயன் மலை வெள்ளிமலையில் மூச்சு வாங்காமல் மேடேறும் பிள்ளைகளே... இது உங்களுக்காகவே பொறுக்கி எடுத்தது!

முதலில் ஆஸ்திரேலியா. அங்கே ஒரு கால்பந்து உண்டு. செல்லப்பெயர் ‘ஃபுட்டி’. ஒரு அணிக்கு மைதானத்தில் 18 பேர்! பந்து முட்டை வடிவம். கையால் எறிந்தால் தப்பு. ஒரு கையில் பந்தை ஏந்தி, மறு கையை முஷ்டியாக மடக்கி ஒரே குத்து. கையால் அனுப்புவதென்றால் அப்படித்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்!

பந்தோடு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டியே ஆக வேண்டும். முட்டைப் பந்தைத் தட்டினால் அது எந்தப் பக்கம் துள்ளும்? அதைக் கணித்துப் பிடிப்பவன்தான் கில்லாடி!

கோல் போட நான்கு கம்பங்கள். நடுவில் உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பிப் பக்கத்துக் கம்பத்துக்கு உள்ளே போனால்? அதற்கும் 1 புள்ளி! தப்பாக அடித்தாலும் கணக்கில் சேர்க்கும் ஆட்டம் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

நம் கபடித் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் ஃபுட்டியின் இறுதிப்போட்டி நடக்கும். அந்த ஒரே மைதானத்துக்குள் 100 கபடித் தளம் போடலாம்!

1970 இறுதிப்போட்டிக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? 1,21,696 பேர்! பாதி ஆட்டத்தில் காலிங்வுட் அணி 44 புள்ளி முன்னிலை. ஆனால் கோப்பையைத் தூக்கியது கார்ல்டன்!

இனிமேல்தான் விசேஷமே. இந்த ஆட்டத்தை உருவாக்கிய முக்கியப் புள்ளி யார்? பள்ளியில் ரக்பி ஆடிய ஒரு பையன்! பெயர் டாம் வில்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 14 வயதில் அப்பா கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார். எந்தப் பள்ளிக்கு? ரக்பி என்ற ஆட்டத்துக்கே பெயர் கொடுத்த ரக்பி பள்ளிக்கு!

படித்து முடித்து 1856-ல் ஊர் திரும்பினார். கிரிக்கெட்டில் சூரர். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா கிடந்து உடம்பு விட்டுப் போகக் கூடாதே என்று 1858 ஜூலையில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கால்பந்துக் கிளப் தொடங்குவோம், விதிகள் எழுதுவோம் என்றார். 1859 மே மாதம் விதிகள் தயார். ஒரு கடிதம், பத்தே மாதம், புது ஆட்டம்! எழுதியவர் சாதா ஆள் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்!

அதற்கு முன்பே, 1858 ஆகஸ்ட் 7-ல் இரண்டு பள்ளிகள் மோதிவிட்டன. ஸ்காட்ச் காலேஜும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும். ஒரு பக்கத்துக்கு 40 பேர் என்று திட்டம். அன்றைக்கு முடியவில்லை. ஆகஸ்ட் 21-ல் தொடர்ந்தார்கள். அப்போதும் முடியவில்லை. செப்டம்பர் 4-ல் மறுபடியும்! மூன்று நாள் உருண்டு புரண்டு கிடைத்தது என்ன? ஆளுக்கு ஒரு கோல். டிரா!

அந்தப் போட்டிக்கு நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் நம் டாம் வில்ஸ். இன்னொருவர் டாக்டர் ஜான் மெக்கடம். பேக்கரியில், சூப்பர் மார்க்கெட்டில் கொள்ளை விலைக்கு விற்கிறார்களே மெக்கடேமியா பருப்பு, அந்தப் பெயர் இவர் பெயரிலிருந்து வந்ததுதான்! பருப்புக்கும் பந்துக்கும் ஒரே டாக்டர்!

ஆஸ்திரேலிய வரைபடத்தில் இல்லாத கோடு ஒன்று இருக்கிறது. பெயர் ‘பராசி கோடு’. ஒரு பக்கம் ரக்பி வெறி, மறுபக்கம் ஃபுட்டி வெறி. 1978-ல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் வைத்த பெயர் இது. சிட்னியும் பிரிஸ்பேனும் ரக்பிப் பக்கம். அந்தக் கோட்டைத் தாண்டிப் பையன்களை இழுக்கவே ஃபுட்டிக்காரர்கள் அங்கே அகாடமி திறந்து வைத்திருக்கிறார்கள்!

அப்படிக் கோடு தாண்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் கார்மைக்கேல் ஹண்ட். பிரிஸ்பேன் பள்ளியில் ரக்பி யூனியன் ஆடினார். அது 15 பேர் ஆட்டம். 2004-ல், 17 வயதிலேயே பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணிக்காக ரக்பி லீக் ஆடினார். அது 13 பேர் ஆட்டம். 2011-ல் கோல்ட் கோஸ்ட் அணியில் ஃபுட்டி. அது 18 பேர்! மூன்றுக்கும் விதி வேறு, ஓட்டம் வேறு!

‘ரக்பிக்காரனுக்கு ஃபுட்டி வருமா?’ என்று கேட்டவர்கள் 2012 ஜூலையில் கெய்ர்ன்ஸ் மைதானத்தில் வாயைப் பிளந்தார்கள். எதிரணி ரிச்மண்ட். கோல்ட் கோஸ்ட் 4 புள்ளி பின்தங்கி நிற்கிறது. உதைத்து வந்த பந்தை ஹண்ட் அந்தரத்திலேயே பிடித்துவிட்டார். ஃபுட்டியில் அப்படிப் பிடித்தால் யாரும் தொடாமல் ஒரு உதை உதைக்கலாம். அதற்குள் நேரம் முடிந்த சைரன் ஊதிவிட்டது. மைதானமே நின்று பார்க்கிறது. ஹண்ட் ஓடி வந்து உதைத்தார். நேராக நடுக் கம்பங்களுக்குள்! 2 புள்ளியில் வெற்றி!

ஆசை அடங்கவில்லை அவருக்கு. பிறகு ரக்பி யூனியனுக்கே திரும்பி, 2017-ல் ஆஸ்திரேலிய தேசிய அணிக்கும் ஆடிவிட்டார்!

எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. இஸ்ரேல் ஃபோலாவ் ரக்பி லீக்கில் புயல். அவரை ஃபுட்டிக்கு இழுக்கப் பேசப்பட்ட தொகை 4 வருடத்துக்கு சுமார் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்! ஆடியது 13 போட்டி. போட்டது 2 கோல்! 2012-ஓடு கிளம்பிவிட்டார். அடுத்த வருடமே ரக்பி யூனியனில் ஆஸ்திரேலியாவுக்கு முதல் போட்டி. அதிலேயே 2 டிரை, அதாவது கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தது இரண்டு தடவை!

கேரி ஜேக் ரக்பி லீக்கில் 1986-ன் உலகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவர் மகன் கீரன் ஜேக்? அப்பா ஆட்டத்தை விட்டார், ஃபுட்டியைப் பிடித்தார். சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கே இணைக் கேப்டன் ஆனார். 2012-ல் கோப்பையும் வென்றார்!

அதே 2012 கோப்பை அணியில் இன்னொரு ரக்பிக்காரர் மைக் பைக். கனடா நாட்டுக்கு ரக்பி ஆடியவர். ஃபுட்டிக் கோப்பை வென்ற முதல் கனடாக்காரர் இவர்தான்!

ஜோர்டன் மைலாட்டாவைக் கேளுங்கள். சிட்னியில் ரக்பி லீக் ஆடிய பையன். அதுவரை ஒரு அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகூட ஆடியதில்லை. ஆனாலும் 2018-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் சாம்பியன்!

இந்தியாவும் ஃபுட்டி ஆடியிருக்கிறது! மெல்பர்னில் நடந்த 2008 சர்வதேசக் கோப்பையில் நம் நாட்டு அணியும் களம் இறங்கியது!

ரக்பி மட்டும் நமக்குப் புதுசா என்ன? 1872 கிறிஸ்துமஸ் அன்றே கல்கத்தாவில் போட்டி நடந்திருக்கிறது. கிளப்பும் தொடங்கினார்கள். ஆறே வருடத்தில் உறுப்பினர்கள் டென்னிஸ், போலோ என்று ஆட்டம் மாறிவிட்டார்கள். கிளப் காலி! கையிருப்பில் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அதற்குக் கைப்பிடி மூன்று. மூன்றும் படமெடுக்கும் நாகங்கள்! மூடி மேலே ஒரு யானை! அந்தக் கல்கத்தா கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதிக்கொண்டிருக்கின்றன!

இலங்கைக் கண்டியில் கிங்ஸ்வுட், டிரினிட்டி இரண்டும் 1906-ல் ஆடியதுதான் அந்த நாட்டின் முதல் பள்ளி ரக்பிப் போட்டி. முடிவு 6-6. அதே கண்டியில், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஒரு தமிழ்ப் பையன் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தான். 14 வயதில் ‘சுழற்பந்து போடு’ என்றார் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. பையன் மாறினான். அவர்தான் முத்தையா முரளிதரன். டெஸ்டில் 800 விக்கெட்!

2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பேஸ்பால் எறியும் டிவி போட்டியில் முந்தியவர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். இருவரும் ஈட்டி எறிபவர்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதுகூட இல்லை. அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் போட்டுவிட்டது! இவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட் படமானது. இசை யார்? நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக். ஆறு அணிகள். கோப்பை யாருக்கு? சென்னை புல்ஸ்! இறுதிப்போட்டியில் டெல்லிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. 41-0!

பவானி தேவி கதை இன்னும் ருசி. 2004-ல் சென்னைப் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனார். மற்ற ஆட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது வாள்வீச்சு மட்டும்! ஆரம்பத்தில் வாளுக்குப் பதில் மூங்கில் குச்சி. அந்தக் குச்சிதான் அவரை டோக்கியோ ஒலிம்பிக் வரை கூட்டிப் போனது. ஒலிம்பிக் போன முதல் இந்திய வாள்வீச்சு வீரர்! முதல் ஆட்டத்தில் 15-3 என்று ஜெயித்தும் காட்டினார்!

திருப்பூர் மாவட்டத்து தருண் அய்யாசாமி பள்ளியில் கோ-கோ ஆடியவர். பிறகு தடை ஓட்டம். 2018 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 48.96 விநாடி. வெள்ளி! கோ-கோவில் வளைந்து நெளிந்து ஓடிய கால்கள் அவை!

கடைசியாக நம் பக்கத்து மாவட்டம். கல்வராயன் மலையின் மறுபுறம் சேலம். ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி மாரியப்பன் என்ற பையனின் வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். பையனுக்கு வாலிபால் மேல்தான் ஆசை. ‘நீ உயரம் தாண்டிப் பார்’ என்று திருப்பிவிட்டவர் பள்ளியின் பி.டி. சார்!

14 வயதில் முதல் போட்டி. எதிரே நின்றவர்கள் எல்லாம் இரண்டு காலும் நன்றாக இருந்தவர்கள். மாரியப்பன் இரண்டாம் இடம்!

2016 ரியோ பாராலிம்பிக். 1.89 மீட்டர். தங்கம்! டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம், மூன்றும் மூன்று நிறம்! வாலிபால் வலைக்கு முன்னால் எம்பிய அதே கால்!

ரிஷிவந்தியம் தம்பிகளே, பாடி வருபவனை இடுப்போடு மடக்கிப் பிடிக்கிறீர்களே, ரக்பியில் அதற்கு டேக்கிள் என்று பெயர். அதற்குத்தான் அங்கே சம்பளமே கொடுக்கிறார்கள்! தங்கச்சிகளே, உங்களுக்கும்தான். இந்தியப் பெண்கள் ரக்பி அணி 2019-ல் சிங்கப்பூரை 21-19 என்று சாய்த்தது. 15 பேர் ஆட்டத்தில் அதுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி!

நாளைக்கு மைதானத்துக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் பி.டி. சாரைப் பிடியுங்கள். ‘சார், எனக்கு வேறு எந்த ஆட்டம் வரும்?’ என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்!