எரிமலைச் சரிவில் விளையும் இலேசான செம்மது

மது என்ற சொல்லைக் கண்டதும் அங்கத்தினருள் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். குடிப்பதற்குச் சிபாரிசு செய்ய நாம் முன்வரவில்லை. இரசாயன மருந்தின்றி ஒரு பயிரை வளர்த்து நல்ல விலைக்கு விற்க முயலும் விவசாயிகளின் கணக்கு வழக்கைக் கூறுவதே நமது நோக்கம். பயிர் திராட்சை, இடம், இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் எட்னா எரிமலை.

எட்னா 3,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குவது. 1928-ல் அதன் குழம்பு மஸ்காலி என்னும் ஊரையே மூடிற்று. 1981-ல் ரண்டாட்ஸோவுக்கு அருகே தோட்டங்களை விழுங்கிற்று. அப்படியிருந்தும் அதன் சரிவில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் வரை திராட்சை பயிராகிறது.

மண்ணின் குணமே இதற்குக் காரணம். சாம்பலும் பொடிக்கல்லும் கலந்த மணற்பாங்கான அம்மண்ணில் நீர் தேங்குவதில்லை. வேர் ஆழச் செல்கிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய பில்லாக்ஸரா என்னும் வேர்ப்பூச்சி எட்னாவையும் விடவில்லை. ஆயினும் அது மணலில் எளிதில் பரவாது. ஆகையால் ஒட்டுக்கட்டாத, நூறாண்டு கடந்த கொடிகள் அங்கே சில இடங்களில் இன்னும் காய்க்கின்றன. எரிமலையின் சுவையே மதுவில் இறங்குகிறது என்று வியாபாரிகள் கூறுவதுண்டு. அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. கொடி கல்லை உண்பதில்லை. நீரில் கரைந்த உப்புக்களையே உறிஞ்சுகிறது. நல்ல வடிகாலும், உயரமும், குளிர்ந்த இரவுகளுமே சுவைக்குப் பெரிதும் காரணம் என்பது நமது கருத்து.

இவ்வட்டாரச் செம்மதுவிற்கு 1968-ல் சட்டப் பாதுகாப்புடன் கூடிய ஊர்ப்பெயர் கிடைத்தது. அப்பெயரில் விற்கும் செம்மதுவில் நெரெல்லோ மஸ்கலேஸே என்னும் கறுப்புத் திராட்சை நூற்றுக்கு 80 பங்காவது இருத்தல் வேண்டும். இதன் தோலில் சாயம் குறைவு, புளிப்பு மிகுதி. மெதுவாகப் பழுத்து, அக்டோபரில்தான் அறுவடைக்கு வரும். செம்மதுவின் நிறம் சாற்றிலிருந்து வருவதன்று, தோலிலிருந்தே ஊறி வருகிறது. ஆதலால் இம்மது கருஞ்சிவப்பாக இராமல் ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பாக அமைகிறது. இலேசானது என்பது நிறத்தையும் வாயில் உணரும் கனத்தையும் பற்றியதே. போதை குறைவு என எண்ணற்க.

இனி அங்ககச் சாகுபடிக்கு வருவோம். மருந்தே தெளிப்பதில்லை என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. ஐரோப்பிய விதிகள் கந்தகத்தையும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையையும் அனுமதிக்கின்றன. ஆயினும் தாமிரம் மண்ணைவிட்டு அகலாது தங்கிவிடும். அதனால் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் இடலாகாது என 2019 முதல் வரம்பு உண்டு. புதிதாக மாறும் தோட்டம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 2012-க்கு முன் திராட்சைக்கு மாத்திரமே சான்று இருந்தது. அவ்வாண்டு அறுவடை முதல் மதுத் தயாரிப்புக்கும் விதிகள் வந்தன. சாதாரணச் செம்மதுவில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் சல்பைட் வரை இருக்கலாமென்றால், அங்ககச் செம்மதுவில் 100-ஐத் தாண்டலாகாது.

எட்னாவின் கிழக்குச் சரிவில் மழை மிகுதி, வடக்குச் சரிவில் குறைவு. ஒரே மலையில் ஒருவருக்கு எளிதாகும் அங்ககச் சாகுபடி மற்றொருவருக்குச் சூதாட்டமாகிறது. மழை வலுத்தால் தெளித்த தாமிரம் கழுவிப் போகும். அடிச்சாம்பல் நோய் புகும். 2023-ல் இந்நோய் இத்தாலியின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் மகசூலைக் கடுமையாகக் குறைத்தது. அத்தகைய ஆண்டில் இரசாயன மருந்தை நாடாதவன் நஷ்டத்தைத் தானே சுமக்க வேண்டும்.

கூலிச் செலவும் பெரிது. அங்கே பழைய தோட்டங்களில் நம்மூர்ப் பந்தல் முறை இல்லை. கொடியைக் குத்துச்செடியாக வெட்டி, செஸ்ட்நட் மரக் கழியில் கட்டுகின்றனர். எரிமலைக் கல்லால் கட்டிய குறுகிய படிக்கட்டு வயல்களில் இயந்திரம் நுழையாது. ஹெக்டேருக்கு 8,000 கொடி எனக் கொண்டால், சட்டம் அனுமதிக்கும் உச்ச மகசூலான 9 டன்னிலும் கொடிக்கு ஒரு கிலோ சொச்சந்தான் தேறும். கவாத்து முதல் அறுவடை வரை ஒவ்வொரு கொடியையும் கையால் தொட்டாக வேண்டும். விலை சற்று உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

இவ்வேலையில் தேர்ந்தோர் 1435-லேயே கத்தானியா நகரில் ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அவர்களுடைய விஞ்ஞெரி என்னும் பெயரையே, சால்வோ போத்தி என்னும் மது நிபுணர் நம் காலத்தில் தொழிலாளரையும் தோட்டக்காரரையும் சேர்த்து அமைத்த குழுவுக்குச் சூட்டியிருக்கிறார்.

சான்றுச் செலவு சிறு தோட்டக்காரனுக்குப் பாரம். இதற்கு 2022 முதல் அமலிலுள்ள ஐரோப்பியச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 5 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோர் முதலிய சிறு விவசாயிகள், 2,000 பேர் வரை, சட்டப்படி பதிவான ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று பெறலாம். விளைபொருளைக் கூட்டாக விற்க வேண்டும். அங்கத்தினர் தோட்டங்களைக் குழுவே தன் பரிசோதகரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்த உள்சோதனை பழுதுபட்டு, சரக்கின் நம்பகமே கெட்டதெனத் தெரிந்தால், தவறு செய்த அங்கத்தினரோடு நில்லாமல் குழு முழுவதன் சான்றும் ரத்தாகும்.