டிக்கிக்குள் இருக்கும் போத்தலின் திகதியைப் பார்த்தீர்களா?

கடந்த மாதம் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது, இலுப்பைக்கடவை தாண்டியதும் கார் இடதுபக்கம் இழுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் முன் டயரில் ஒரு ஆணி. காற்றுப் பாதிக்கு மேல் போய்விட்டது. நேரம் மாலை ஆறு மணி. ஏ32 வீதியின் அந்தப் பகுதியில் இருபுறமும் பற்றைக்காடுதான். அம்மா பின் சீற்றில் இருந்தார். கார் அத்தானுடையது, இரவல்.

டிக்கியின் விரிப்பைத் தூக்கினேன். ஸ்பெயார் வீல் இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒரு ரெஜிபோம் தட்டும், அதற்குள் காற்றடிக்கும் சிறிய மோட்டார் ஒன்றும், ஜப்பானிய எழுத்துகள் கொண்ட ஒரு போத்தலும் இருந்தன.

ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்கள் பலவற்றில், குறிப்பாக ஹைபிரிட் கார்களில், ஸ்பெயார் வீல் கிடையாது. பாரத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தவும், இடத்தை மிச்சப்படுத்தவும் அதற்குப் பதிலாக இந்தத் திரவத்தைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் இது தண்ணீரும் கிளைக்கோலும் கலந்த இறப்பர் பால். டயருக்குள் செலுத்தினால், வெளியேறும் காற்று இதைத் துவாரத்துக்கு இழுத்துச் செல்லும். அங்கே இறப்பர் துணிக்கைகள் சிக்கி, உறைந்து, அடைப்பாகிவிடும். டயர் உருண்டால்தான் திரவம் எங்கும் பரவும். அதனால் செலுத்தி முடித்ததும் ஓட்டத் தொடங்க வேண்டும். ஐந்து கிலோமீற்றர் அளவில் நிறுத்தி, காற்றை மீண்டும் அளக்க வேண்டும். அப்போது ஏறத்தாழ 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் அடைப்புச் சரிவரவில்லை, மேற்கொண்டு ஓட்டக்கூடாது. சரிவந்தாலும் வேகம் 80ஐத் தாண்டக்கூடாது, அதுவும் டயர் கடை வரைக்கும்தான்.

எல்லாத் துவாரத்துக்கும் இது உதவாது. வீதியில் படும் பகுதியில் ஆணியோ திருகாணியோ போட்ட, ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் வரையான துவாரம் என்றால் சரி. டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தாலோ, குழியில் விழுந்து றிம் வளைந்திருந்தாலோ போத்தலைத் திறப்பதே வீண். காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டாலும் அப்படித்தான், டயரின் உட்புறம் நைந்து போயிருக்கும்.

என் ஆணி சிறியது, இடமும் சரியானது. ஆனால் போத்தலில் என்னால் வாசிக்க முடிந்த ஒரே விஷயம் 2018 என்ற இலக்கம். அது காலாவதியாகும் ஆண்டு.

இந்தத் திரவத்தின் ஆயுள் பொதுவாக நான்கைந்து ஆண்டுகள்தான். நமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். ஆகவே இன்று ஓடும் இத்தகைய கார்களில் பெருமளவு 2020க்கு முன் வந்தவை. போத்தலை யாரும் மாற்றியிருக்காவிட்டால் அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. போதாததற்கு, நம் வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அது அவிந்துகொண்டும் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் செலுத்தினேன். கொஞ்சம் உள்ளே போனது, மீதி கட்டிகட்டியாகக் குழாயிலேயே நின்றுவிட்டது. காற்று ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஆணியைப் பிடுங்கினால் சரிவரும் என்று குனிந்தபோதுதான், மீன் ஏற்றும் கூலர் லொறி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"தம்பி, பிடுங்கிப் போடாதேங்கோ! உள்ள காத்தும் போயிடும்," என்றபடி இறங்கினார் சாரதி. அவர் சொன்னது சரி; துவாரத்தின் பெரும்பகுதியை ஆணியே அடைத்துக்கொண்டிருக்கிறது. திரவம் அடிக்கும்போதும் அதை விட்டுவைக்க வேண்டும் என்றுதான் கையேடுகளும் சொல்கின்றன.

அவரிடம் டியூப் இல்லாத டயர்களுக்கு ஒட்டும் சாமான்கள் இருந்தன: அரம் போன்ற ஒரு ஊசி, துளையுள்ள இன்னொரு ஊசி, பிசுபிசுப்பான நார்ப்பட்டிகள். ஸ்டேரிங்கை முழுதாகத் திருப்பச் சொன்னார், வீலைக் கழற்றவே இல்லை. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பிறகுதான் ஆணியைப் பிடுங்கினார். அரத்தால் துவாரத்தைக் குடைந்து, பட்டியைத் திணித்து, ஊசியை வெடுக்கென இழுத்து, வெளியே நின்ற நுனிகளை வெட்டினார். என் போத்தல் கைவிட்டாலும் மோட்டார் கைவிடவில்லை, அதனால்தான் காற்றடித்தோம். பத்து நிமிட வேலை. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அம்மா கொடுத்த தோடம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பட்டியும் தற்காலிகம்தான். மறுநாள் டயர் கடைக்குப் போனபோது அங்கிருந்த ஐயா கேட்ட முதல் கேள்வி: "உள்ளுக்க மருந்து அடிச்சனீங்களோ?" இதை மறைக்கவே கூடாது. கடைகளில் விற்கும் ஸ்பிரே வகைகள் சிலவற்றில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. காற்றழுத்தம் காட்டும் சென்சர் உள்ளே இருந்தால் அதையும் திரவம் அடைத்துவிடலாம். டயரைக் கழற்றியபோது திரைந்த பால் போல வெள்ளைக் கட்டிகள் கொட்டின. கழுவித் துடைத்து, உள்ளிருந்து ஒட்டுப் போட அவருக்கு வழமையைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

போத்தலைப் படமெடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். ஏழு வருடமாக அந்தக் காரை வைத்திருப்பவர். "இதென்ன, கார் கழுவுற ஷாம்புவோ?" என்று பதில் வந்தது.