மண்வெட்டிக் காயம் சொன்ன பாடம்

சென்ற ஆவணியில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டி நழுவி, என் தந்தையாரின் காலில் ஆழமாக வெட்டிவிட்டது. வயலோ சாணம் கலந்த சேறு. கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வேலையில் இறங்கிவிட்டார். ஊசி போடலாம் என்றேன். “நாப்பது வருஷமா எத்தனை வெட்டு பட்டிருக்கு! எல்லாம் தானா ஆறலையா? ஊசி எதுக்குப்பா?” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவருக்கு விடை சொல்லவே அன்றிரவு பாடநூலைப் புரட்டினேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மையாக இருந்தது!

நம் உடலின் முதல் அரண் தோல். அது கிழிந்தால் குருதியிலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னி வாயிலை அடைக்கின்றன.

அதற்குள் நுழைந்துவிட்ட கிருமிகளை எதிர்ப்பவை வெள்ளையணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை 4,000 முதல் 11,000 வரை உள்ளன. காயத்தருகே நுண்குழாய்கள் விரிய, இவை வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. காயம் சிவந்து வீங்குவது இந்தப் போரினால்தான். போரில் மடிந்த அணுக்களே சீழில் மிகுதி. 1882-இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய அறிஞர், நட்சத்திர மீனின் இளவுயிரியில் ரோஜா முள்ளைக் குத்தி, அணுக்கள் முள்ளைச் சூழ்வதைக் கண்டார். 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாம் அரண் நிணநீர் அணுக்கள். இவை எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதுடன், வந்த பகைவனை நினைவிலும் வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு அது மீண்டும் வராதது இதனால்தான்.

அப்படியானால் ஊசி எதற்கு? இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமி, மண்ணிலும் சாணத்திலும் வித்தாக ஆண்டுக்கணக்கில் உறங்கும். காற்றுப் புகாத ஆழமான காயத்தில் விழித்து நஞ்சைச் சுரக்கும். தாடை பூட்டிக்கொள்ளும், தசைகள் விறைக்கும். உயிரைக் குடிக்கும் அந்த நஞ்சின் அளவு மிக அற்பம். நிணநீர் அணுக்கள் அதை அறிந்து நினைவில் கொள்ளப் போதாது. எனவே நோய் கண்டு பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. கொடுமை நீக்கிய அதே நஞ்சைத் தடுப்பூசியாகப் போட்டால்தான் உடல் அப்பாடத்தைக் கற்கும்.

“அப்ப இத்தனை நாள் என்னைக் காப்பாத்தினது எது?” என்று கேட்டார் தந்தையார். “மத்த கிருமிகிட்டேயிருந்து உங்க உடம்பு, அப்பா. இதுகிட்டேயிருந்து அதிர்ஷ்டம்” என்றேன்.

விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சைக்கிளில் அழைத்துச் சென்றேன். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, அடுத்த தவணைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை, தனியாகவே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.