இரவு இரண்டு மணிக்கு ஊசி எதற்கு?

“இப்போதுதான் கண்ணயர்ந்தார், இந்த ஊசியைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா, சிஸ்டர்?” நோயாளியுடன் தங்கியிருப்போர் இரவுப் பணியிலுள்ள செவிலியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதிலுள்ள பரிவை நாங்கள் அறிவோம். எனினும், அந்த ஊசிக்குக் குறிக்கப்பட்ட நேரத்திற்குக் காரணம் உண்டு. பாக்டீரியா எவ்வாறு பெருகுகிறது என்பதை அறிந்தால் அக்காரணம் எளிதில் விளங்கும்.

சிறுநீர்த் தொற்றை மிகுதியாக உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் போதிய உணவும் வெப்பமும் கிடைத்தால் 20 நிமிடங்களில் ஒன்று இரண்டாகிவிடும். உடலுக்குள் இவ்வளவு வேகம் இராது. ஆயினும், தடையின்றி விட்டால் அதன் எண்ணிக்கை விரைவில் பெருகும்.

பிரிவதற்கு முன், பாக்டீரியா தன் மரபுப்பொருளை நகலெடுத்து இரு பக்கங்களுக்கும் பங்கிடுகிறது. பின்னர் நடுப்பகுதியைக் கண்டறிய வேண்டும். ‘மின்’ என்னும் பெயருடைய மூன்று புரதங்கள் இதற்கு உதவுகின்றன. இவை செல்லின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒருமுறை ஊசலாடுகின்றன. இவற்றின் தடை முனைகளில் மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் இருப்பதால், பிரிவுக்கான இடம் நடுவில் அமைகிறது.

அவ்விடத்தில் எஃப்.டி.எஸ்.இசட் என்னும் புரதத்தின் மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொண்டு வளையமாகச் சூழ்கின்றன. இவ்வளையத்தை அறிவியலாளர்கள் 1991ஆம் ஆண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையுடன் கண்டறிந்தனர். வேறு புரதங்கள் இதனைச் செல்லின் சவ்வுடன் பிணைக்கின்றன. அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் அங்கு வந்து சேர்கின்றன. கட்டடம் கட்டுமிடத்தில் முதலில் சாரம் கட்டி, அதன்மேல் கொத்தனார்கள் நின்று சுவர் எழுப்புவதைப் போன்றது இது. வளையம் சாரம், சுவர்ப்பொருளைப் பின்னும் நொதிகள் கொத்தனார்கள். புதிய சுவர் உள்நோக்கி வளர்ந்து மூடியதும் செல் இரண்டாகிறது.

பென்சிலின் வகை மருந்துகள் பலவும் இக்கொத்தனார்களின் கையைக் கட்டிவிடுகின்றன. சாரம் இருந்தும் சுவர் எழாது. சில மருந்துகளில் பாக்டீரியா பிரிய இயலாமல் நூல்போல் நீண்டு, இறுதியில் வெடித்து மடிகிறது. மனிதச் செல்களுக்கு இத்தகைய சுவர் இல்லாததால், இம்மருந்துகள் அவற்றின் கட்டமைப்பைத் தாக்குவதில்லை. சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். முன்பு ஏற்பட்டிருந்தால் எங்களிடம் அவசியம் தெரிவியுங்கள்.

சுவர் கட்டும் வேலை நடக்கும்போதுதான் இம்மருந்துகள் சிறப்பாகச் செயல்படும். எனவே, ஒரே வேளையில் மிகுதியாகச் செலுத்துவதைவிட, இரத்தத்தில் போதிய அளவு மருந்து தொடர்ந்து நிலைத்திருப்பதே முக்கியம். ஆனால், இவற்றுள் பலவற்றைச் சிறுநீரகங்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகின்றன. ஆறு அல்லது எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி போடுவது இதனாலேயே. இரவு ஊசி காலைக்குத் தள்ளிப்போனால், இடைப்பட்ட நேரத்தில் கொத்தனார்கள் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடக்கூடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மருந்து நீண்ட நேரம் தங்கும் என்பதால் இடைவெளி மாறும். பக்கத்துப் படுக்கை நோயாளியின் ஊசி நேரத்துடன் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

காசநோய்ப் பாக்டீரியாவோ ஒருமுறை பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. சில, பிரியாமல் உறங்குநிலையிலும் கிடக்கும். அதனால்தான் அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீள்கிறது. சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்களுக்குச் செல்சுவரும் இல்லை, பிரிவு வளையமும் இல்லை. ஆகவே, இம்மருந்துகளால் அதற்குப் பயன் ஏதுமில்லை.

காய்ச்சல் தணிந்துவிட்டது என்று மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். எஞ்சியதைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக உட்கொள்ளாமல் எங்களிடம் கேளுங்கள். நள்ளிரவில் செவிலியர் உங்களை எழுப்பும்போது, உறக்கத்தைக் கெடுப்பதாக எண்ண வேண்டாம். நீங்கள் உறங்கும் வேளையிலும் பாக்டீரியா உறங்குவதில்லை.