பழம்படங்களும் நம் கடமையும்

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் பழம்பட அபிமானிகள் கூடினால், பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) சிறந்ததா, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் தயாரித்த சின்னப்பாவின் ‘உத்தம புத்திரன்’ (1940) சிறந்ததா என்று வாதம் எழுதல் இயல்பே. முன்னது சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. பின்னதில் சின்னப்பா இரட்டை வேடம் தாங்கினார். இவ்வாதத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆயின், படச்சுருள் இருந்தாலன்றோ வாதம்? அன்னிய சர்க்கார் தடை விதித்த ‘தியாக பூமி’ (1939) தப்பிப் பிழைத்தது. எவரும் தடுக்காத முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931) பிரதியின்றி அழிந்தது. அடக்குமுறையினும் நம் அசட்டையே கொடிது!

ஆதலின் அபிமானிகளே, பரணில் படச்சுருளோ பாட்டுப் புத்தகமோ கிடந்தால் குப்பைக்கு அனுப்பாதீர். 1964இல் புனேயில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்கு எழுதுங்கள். காப்பாற்றிய பின் வாதிடுவோம்.