உங்களுக்குத் தெரியுமா? நாய்த் தட்டில் பச்சைக் கறி

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் நாய்க்கென்று தனி உலை வைப்பது வழக்கமில்லை. வீட்டில் கிண்டிய ராகிக் களியில் ஓர் உருண்டை, கொஞ்சம் மோர், கறி எடுத்த நாளில் எலும்பு. பிறகு பாக்கெட் தீனி வந்தது. இப்போது ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் லாப்ரடார் குட்டியோடு இன்னொரு பழக்கத்தையும் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பாக்கெட்டை நிறுத்திவிட்டுப் பச்சைக் கறி, பச்சை எலும்பு, பச்சை ஈரல் என்று போடுகிறார்கள். மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

★

நாய்க்கென்று தீனி தயாரித்துக் கடையில் விற்கும் வழக்கம் தொடங்கி 160 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குப் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860 வாக்கில் நாய் பிஸ்கெட் விற்கத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் மொறுமொறு உருண்டை அதற்கும் வெகு பின்னால் வந்தது. காலை உணவுத் தானியங்களைப் பொரிக்கும் இயந்திரத்தில் நாய்த் தீனியைச் செய்து அமெரிக்காவின் புரினா நிறுவனம் 1957ல் சந்தைக்கு விட்டது. மாவும் இறைச்சித் தூளும் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து வெளியே வரும்போது உப்பிக்கொள்ளும். அப்படி உப்புவதற்கு மாவுச்சத்து வேண்டும். நாய்க்குப் பிடித்த வாசனையும் கொழுப்பும் கடைசியில்தான் மேலே தெளிக்கப்படுகின்றன.

★

பாக்கெட்டின் மீது மக்களுக்கு வந்த சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2007ல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளைக் கலந்திருந்தார்கள். புரத அளவைக் கூட்டிக் காட்ட அந்த மோசடி. கோடிக்கணக்கான டப்பாக்களும் பைகளும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

அதற்கு முன்பே, 1993ல், ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய ஒரு நூல் பச்சை எலும்பும் கறியும்தான் நாயின் இயற்கை உணவு என்று வாதாடியிருந்தது. இன்றைய பச்சைத் தீனி இயக்கத்துக்கு அவரே முன்னோடி.

★

"நாய் ஓநாய் வம்சம்தானே, அதற்கு எதற்குக் களியும் சோறும்?" என்று கேட்கிறார்கள். மரபணு இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான ஒரு மரபணு ஓநாயிடம் 2 படிகள்தான் இருக்கும். நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013ல் கண்டறிந்தார்கள். மனிதன் விதைக்கத் தொடங்கிய பின் அவன் தானியத்தைப் பங்குபோட்டுத் தின்றே நாயின் உடல் மாறியிருக்கிறது.

நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கால்நடையை மீட்கப் போராடி இறந்த வீரனோடு, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவன் நாயையும் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாய் இந்த மண்ணில் வீட்டின் ஓர் ஆள். வீட்டார் தின்றதைத் தின்று வளர்ந்த பிராணிக்குக் களி அந்நிய உணவு ஆகாது.

★

பச்சைக் கறி தின்றால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்ற பேச்சில் உண்மையில்லை. வெறிநோய் ஒரு வைரஸால் வருவது. நோயுள்ள விலங்கின் எச்சில் கடிவாய் வழியாக உள்ளே போனால்தான் பெரும்பாலும் அது தொற்றும். தடுப்பூசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

★

பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆடு அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் வெண்ணிறத்தில், உள்ளே தெளிந்த நீரோடு கட்டிகள் தென்படும். விற்காத பாகம் என்று வெட்டி, வாசலில் காத்திருக்கும் நாய்க்கு வீசுவது எங்கும் நடக்கிறது. அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலுக்குள் போனதும் அது வளர்ந்து புழுவாகிவிடும். முழுப் புழுவே அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் துள்ளி விளையாடும். ஒரு அறிகுறியும் காட்டாது.

ஆறேழு வாரத்தில் நாயின் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கும். அவை ரோமத்தில் ஒட்டும், மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். நாயைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தையின் வயிற்றுக்குள் அந்த முட்டை போகிறது. ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி மெல்ல வளர்கிறது. பல ஆண்டுகள் வெளியே தெரியாது. தெரியும்போது நீண்ட நாள் மாத்திரையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

சேலம் கருப்பு ஆடும் மேச்சேரி ஆடும் வளரும் மாவட்டம் இது. கோயிலுக்குக் கிடா வெட்டும் ஊர்கள் எத்தனையோ. ஆடு, நாய், குழந்தை மூன்றும் ஒரே வாசலில் இருக்கும் வீடுகளில் இந்தச் சுற்றை அறுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

★

இந்தச் சுற்றை அறுக்க முடியும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1863ல் அங்கே போன டென்மார்க் ஆய்வாளர் ஹரால்ட் கிராப், 100 நாய்களை அறுத்துப் பார்த்ததில் 28 நாய்களிடம் இந்தப் புழு இருந்தது. அடுத்த ஆண்டே மக்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். அது இலவசமாக விநியோகிக்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டமும் வந்தது. ஒரு காலத்தில் நோய்க்குப் பேர்போன அந்தத் தீவில் புழுவே இல்லாமல் போயிற்று.

★

கட்டியுள்ள ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் முழுசாகவே 30 நிமிடம் கொதிக்கவைத்தால் புழுவின் இளம்பருவம் செத்துவிடுகிறது. இது ஆய்வில் உறுதியானது. ஓர் அடுப்பும் அரை மணி நேரமும் போதும். இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

★

"நாயின் வயிறு எதையும் கரைத்துவிடும்" என்பது பாதி உண்மை. சால்மொனெல்லா கிருமியுள்ள பச்சைத் தீனியை 16 நாய்களுக்குக் கொடுத்துக் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 2007ல் வெளிவந்தது. ஒரு நாய்க்கும் நோய் வரவில்லை. ஆனால் 7 நாய்களின் மலத்தில் உயிருள்ள கிருமி வெளிவந்தது. நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது நக்கிய தட்டும், துடைத்த தரையும், தவழும் பிள்ளையின் கையும்தான் நம் கவலை.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். உறைந்த கறியில் பாக்டீரியா தூங்கும், சாகாது. நெதர்லாந்தில் கடைகளில் வாங்கிய 35 உறைந்த பச்சைத் தீனிகளைச் சோதித்தபோது 7ல் சால்மொனெல்லா இருந்தது.

★

2024 டிசம்பர் கடைசியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் பறவைக் காய்ச்சல் வைரஸ். கோழிக் கறி வழியாக வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. வீட்டில் பூனையும் இருந்தால் பச்சைக் கோழி இன்னும் ஆபத்து. இந்த வைரஸ் பூனையை நாயைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. நன்றாக வெந்த கோழியில் இந்தப் பயம் இல்லை.

★

எலும்பில்லாத கறியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், சின்னக் குதியிலும் எலும்பு முறியும். கறியில் பாஸ்பரஸ் ஏராளம்; கால்சியம் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவுதான். இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். குட்டிக்குத் "தனிக் கறி" போட்டு அன்பு காட்டும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் ராகியில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தானியங்களில் இதற்கு இணை இல்லை. 2023ல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்துக்கு அரசு நீலகிரியோடு தருமபுரியைத் தேர்ந்தெடுத்தது. ராகி, மனிதனுக்கும் நாய்க்கும் இங்கே பழகிய தானியம். ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள், கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே களி மட்டும் போதாது. முட்டை ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, மாவாகப் பொடியுங்கள். ஒரு ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம். வளர்ந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை ஓட்டுப் பொடி தாராளம். குட்டிக்கும் பெரிய இன நாய்க்கும் அளவை மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும், ஏனென்றால் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும்.

★

வெந்த எலும்பு ஊசியாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு அப்படிப் பிளப்பது குறைவு, ஆனால் தடித்த கால் எலும்பு கடைவாய்ப் பல்லை உடைத்துவிடும். குழம்பில் கிடந்த கோழி எலும்பை நாய்க்குப் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

★

ஒகேனக்கல் போய்வந்தால் மீன் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. தலையையும் குடலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். சாதாக் கெண்டை போன்ற மீன்களில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் பி1 வைட்டமினை அழித்து நரம்பைக் கெடுக்கும். வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். முள்ளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

★

தருமபுரியின் புளி பெயர்பெற்றது. நாய்க்கு ஆகாது. திராட்சை தின்ற நாய்களின் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று நெடுநாள் புரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. புளியில் அந்த அமிலம் மிகுதி. வெங்காயமும் ஆகாது. உடல் எடையில் அரை சதவீதம், அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம் ஒரே வேளையில் உள்ளே போனாலே சிவப்பணுக்கள் சிதையலாம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றுகிறேன் என்று குழம்புச் சோற்றைப் பிசைந்து வைப்பது மாற்றமே இல்லை. நாய்க்கு எடுத்துவைத்த பிறகு தாளியுங்கள்.

★

மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள், கழிச்சல் வரும். பழைய தீனியில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, 7 முதல் 10 நாளில் முழுதும் மாற்றலாம். உருண்டைத் தீனியில் நீர் 10 சதவீதம் அளவுதான், கறியில் 70 சதவீதத்துக்கு மேல். அதனால் தட்டு நிறைவது போலத் தெரிந்தாலும் நாய் மெலியலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஈரல் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஏ வைட்டமின் மிகுந்தாலும் கேடுதான்.

என் பரிந்துரை வெந்த கறி, வெந்த ஈரல், உப்பில்லாத களி, முட்டை ஓட்டுப் பொடி. நீண்ட காலத்துக்கு இதையே போடுவதானால் சத்துக் கணக்கை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எல்லாம் கேட்டும் பச்சையாகவே போடுவேன் என்பவர்கள் ஈரல், நுரையீரலை மட்டுமாவது வேகவையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மருந்தும் கொடுங்கள். உருண்டைப் புழுவுக்கான சாதாரணப் பூச்சி மருந்து இந்தப் புழுவைத் தொடாது. பிராசிகுவாண்டல் என்ற பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நாயின் எடையைச் சொன்னால் அளவை அவர்கள் சொல்வார்கள்.