லூபஸ் மறதிக்கு வைட்டமின் டி மருந்தாகுமா?

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் என்றால் கன்னத்துத் தடிப்பு, மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான் பேசப்படுகின்றன. சொல்ல வந்த வார்த்தை மறந்துபோவது, படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படிப்பது போன்ற தொல்லைகளை நோயாளிகள் மருத்துவரிடம் சொல்வதே குறைவு. சொன்னாலும் மனஅழுத்தம் என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 1999-இல் பட்டியலிட்ட, லூபஸில் வரும் 19 நரம்பு, மனநலப் பாதிப்புகளில் அறிவாற்றல் குறைவும் ஒன்று. இந்நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் இளவயதினர் என்பதால் இந்த அலட்சியத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. இந்நிலையில்தான், ரத்தத்தில் வைட்டமின் டி3 குறைந்த லூபஸ் நோயாளிகள் அறிவாற்றல் தேர்வுகளில் பின்தங்குவதாக சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2015-இல் தெரிவித்தார்கள். அப்படியானால் மாத்திரை கொடுத்தால் மறதி தீருமா? அந்த முடிவுக்குத் தாவ இன்னும் ஆதாரம் போதாது என்பதே என் கருத்து.

லூபஸில் இந்த வைட்டமின் குறைவதற்கு நோயும் சிகிச்சையும் சேர்ந்தே வழி செய்கின்றன. வெயில் பட்டால் நோய் சீறும் என்பதால் நோயாளிகள் வெயிலைத் தவிர்க்கிறார்கள். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையானதோ அதே வெயிலின் புற ஊதாக் கதிர்கள். தோலில் உருவானது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றால்தான் வேலை செய்யும். லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. உடலில் அழற்சி மூண்டாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே, குறைந்த வைட்டமின் டி மறதிக்குக் காரணமாக இருக்கலாம். நோய் கடுமையாக இருப்பதன் அடையாளமாக மட்டும் இருக்கலாம். வைட்டமின் அளவையும் அறிவாற்றலையும் ஒரே சமயத்தில் அளந்து பார்க்கும் ஆய்வால் இதைப் பிரித்தறிய முடியாது.

மூளையில், குறிப்பாக நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸில், வைட்டமின் டி-க்கான ஏற்பிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து நடந்த வைட்டல் ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களில் ஒரு பகுதியினரைச் சோதித்தபோது, அறிவாற்றல் சரிவு குறையவில்லை. அவர்கள் லூபஸ் நோயாளிகள் அல்லவே என்பது வலுவான மறுப்பு, அதை ஏற்கிறேன். ஆய்வாளர் பெட்டி டயமண்ட் குழுவினர் காட்டியபடி, லூபஸில் சில எதிர்ப்பொருள்கள் நரம்பணுக்களின் என்எம்டிஏ ஏற்பிகளையும் பற்றுகின்றன; ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு பழுதான சுண்டெலிகளில் அவை நினைவாற்றலைக் கெடுத்தன. லூபஸ் மூளையின் கதை வேறாக இருக்கலாம். அதனாலேயே, குறைபாடுள்ள லூபஸ் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வைட்டமினையும் மற்றொரு பிரிவினருக்குப் போலி மாத்திரையையும் கொடுத்து, முன்னும் பின்னும் அறிவாற்றலை அளக்கும் ஆய்வு வேண்டும்.

எப்படியும் குறைபாடு இருக்கிறது, கொடுத்தால் என்ன நஷ்டம்? கொடுக்கத்தான் வேண்டும், லூபஸுக்கு எடுக்கும் ஸ்டீராய்டால் தேயும் எலும்புக்கு அது அவசியம். ஆனால் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்றாக, அளவு பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, மனக்குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். அதைவிட என்னை வருத்துவது, மாத்திரை எழுதியதோடு தேடல் நின்றுபோவது. மறதி என்று ஒரு பெண் சொன்னால் முறையான அறிவாற்றல் தேர்வு நடக்க வேண்டும். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, ஸ்டீராய்டின் அளவு, ரத்தம் உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு இன்றே சிகிச்சை இருக்கிறது.